சாமி பேருக்கு ஓர் அர்ச்சனை

பெரியாழ்வார் கதை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மதுரையில் வல்லபதேவ பாண்டியன் சபையில் வாதில் வென்று, யானைமேல் வருகிறார். பெருமாளே கருடன்மீது வானில் வந்து நிற்கிறார். வரம் கேட்க வேண்டிய இடம். இவரோ, இத்தனை பேர் பார்க்கிறார்களே, கண் பட்டுவிடுமே என்று பதறி, யானையின் மணிகளைத் தாளமாக்கிப் பெருமாளுக்குப் பல்லாண்டு பாடுகிறார். அவர் கையிலிருக்கும் சங்குக்கும் சக்கரத்துக்கும் சேர்த்தே வாழ்த்து!

பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீட்டில் இது மிகையாகத் தோன்றாது. துப்பாக்கி வைத்திருப்பவனுக்காகத்தானே அங்கும் பயப்படுகிறார்கள்.

2025 மே 7 விடியலில் ஆபரேஷன் சிந்தூர் தொடங்கியபோது என் தம்பி ஜம்மு பக்கம் இருந்தான். போன் எடுக்கவில்லை. டிவியில் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா அதை அணைத்துவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு வந்தாள். சித்திரைத் திருவிழாவுக்காக ஆண்டாள் சூடிக் களைந்த மாலை மதுரை அழகருக்குப் போகிற சமயம். கோயிலில் அந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அர்ச்சகர் பேர், நட்சத்திரம் கேட்டார். தம்பியுடையதைச் சொன்ன அம்மா, "அவன்கூட ஒரு சர்தார்ப் பையன், ஒரு பீகார்ப் பையன், இன்னும் கொஞ்சம் பேர் இருக்காங்க சாமி" என்றாள்.

"அவா நட்சத்திரம்?"

"பேரே சரியாத் தெரியாதே. அப்ப, சாமி பேருக்கே பண்ணிருங்க."

10ஆம் தேதி மாலை சண்டை நின்றது. இரவு தம்பி பேசினான். சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசினான். 12ஆம் தேதி அழகர் வைகையில் இறங்கினார். ஆத்தா காப்பாத்திட்டா என்று தெருவே சொன்னது.

இந்தப் பேச்சுதான் எனக்கு நெருடுகிறது. கார்கில் போரில், 1999 மே 29 அன்று பட்டாலிக் பகுதியில் வீழ்ந்த திருச்சி மேஜர் மாரியப்பன் சரவணனின் உடல் ஒரு மாதத்துக்கு மேல் மலையிலேயே கிடந்தது. அந்தப் போரில் 527 இந்திய வீரர்கள் மாண்டார்கள். அவர்கள் வீடுகளில் விளக்கேற்றாமலா இருந்திருப்பார்கள்? நம் பிள்ளை பிழைத்தது வேண்டுதலால் என்றால், அவர்கள் வேண்டியது போதவில்லை என்றாகிறது. எல்லைக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி தொழுகை விரிப்பில் மகனுக்காக அழுதிருப்பாள். அவள் கேட்டதை மறுத்துத்தான் எனக்குக் கொடுக்க வேண்டும் என்றால், அந்தக் கணக்கு எனக்கு வேண்டாம்.

பெரியாழ்வாரிடம் கணக்கே இல்லை. தன்னால் காப்பாற்ற முடியாதவர் என்று தெரிந்தும் நல்லா இருக்கணும் என்கிறார், அவ்வளவுதான். முகம் தெரியாத பையன்களுக்காக அம்மா செய்த அர்ச்சனையும் கிட்டத்தட்ட அந்த வகை. நான் வேண்டத் தெரிந்துகொண்டால், அப்படித்தான் வேண்ட விரும்புகிறேன்.

அம்மாவுக்கு இந்தத் தர்க்கமெல்லாம் எடுபடாது. பெருமாளிடம் பெருந்தன்மையாக இருந்தவள், இருக்கன்குடி மாரியம்மனிடம் தனியாகப் பேரமும் பேசி வைத்திருக்கிறாள்: பிள்ளை வந்தால் மொட்டை. "இங்க பாதி மொட்டையாத்தான் வச்சிருக்காங்க" என்று தம்பி போனில் சிரித்தான். ஆடிக் கடைசி வெள்ளி மட்டும் வேண்டாம், ஆற்றங்கரையில் நிற்க இடமிருக்காது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அன்றைக்குத்தான் நேர்ந்திருக்கிறாளாம். லீவு கிடைக்குமா என்பதை அவன்தான் சொல்ல வேண்டும்.