மாத்திரை இல்லாத திங்கட்கிழமை

மதுரையில் ஒரு வீடு. காலை ஏழே கால். தட்டில் மூன்று இட்லி. "சாப்பிட்டு முடிச்சாத்தான் மாத்திரை" என்று பக்கத்திலேயே நிற்கிறார் அம்மா. வரிசை மாறக் கூடாது. மாத்திரை முதலில் உள்ளே போய்விட்டால் கொஞ்ச நேரத்தில் பசி செத்துவிடும். இட்லி தட்டிலேயே காயும். பையனுக்குப் பத்து வயது. மூன்று வருடமாக மெத்தில்ஃபெனிடேட் எடுக்கிறான். மாலையில் திரும்பி வரும் டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம், காலையில் அமுக்கி வைத்த கரண்டித் தடம்கூடக் கலையாமல் இருக்கும். இரவு ஒன்பது மணிக்கு, வீடே படுக்கப் போகும் நேரத்தில், "அம்மா, பசிக்குது" என்பான். தோசைக்கல் மறுபடி அடுப்பில் ஏறும்.

நிறுத்திவிடலாமா என்ற கேள்வி அவருக்கு வருவது அந்தத் தோசைக்கல்லின் முன்னால்தான்.

கூடவே இரண்டாம் வகுப்பும் நினைவுக்கு வரும். பாதி எழுதிய வார்த்தைகளோடு நின்றுபோன நோட்டுகள், வகுப்புக்கு வெளியே வராந்தாவில் கழிந்த பீரியடுகள், பந்தைத் துரத்திக்கொண்டு பார்க்காமல் ரோட்டில் இறங்கிய அந்த ஒரு நாள். ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் சேர்ந்த நிலை என்று மனநல மருத்துவர் சொல்லி, மாத்திரை ஆரம்பித்த பிறகு நிலைமை மாறியது. ஐந்து கணக்கு கொடுத்தால் ஐந்தையும் போட்டான். இன்று அவன் உட்கார்ந்து படிப்பது மாத்திரையாலா, மூன்று வயது கூடியதாலா? வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியே இல்லை.

இந்த வகை மருந்தின் கதை 1937-ல் தொடங்குகிறது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் பிராட்லி இல்லம் என்ற குழந்தைகள் மருத்துவமனையில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் 30 பிள்ளைகளுக்கு பென்செட்ரின் என்ற தூண்டல் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 14 பேர் பள்ளி வேலையில் சட்டென்று முன்னேறினார்கள். பிள்ளைகளே அதற்குக் 'கணக்கு மாத்திரை' என்று பெயர் வைத்தார்கள். மாத்திரை தங்களை என்ன செய்கிறது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. இன்றைய வீடுகளில் பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான்: விழுங்குகிறவனைக் கேட்பது.

அப்பத்தா கேட்காமலே சொல்லிவிடுவார். "ஏம்மா, ஓடியாடுன புள்ளைய இப்பிடி மூலைல உக்கார வச்சிட்டீங்களே. உன் புருசனும் இந்த வயசுல இப்பிடித்தான் ஆடுனான். அவனுக்கு என்ன மாத்திரையா குடுத்தோம்?" இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக் கூடாது. ஏடிஹெச்டி குடும்பத்தில் வழிவழியாக வருவது. அப்பாவின் சேட்டைக் கதையும் டாக்டருக்குத் தேவையான தகவல்தான். பிள்ளை களையிழந்து மூலையில் உட்காருவது பல நேரம் அளவு கூடிப்போனதன் அடையாளம். அங்கே முதலில் பேச வேண்டியது அளவைக் குறைப்பது பற்றி. நிறுத்துவது அதற்குப் பிறகு.

நீண்ட நாள் எடுத்தவர்கள் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நெதர்லாந்தில் நேராகவே சோதித்துப் பார்த்தார்கள். 2 ஆண்டுகளுக்கு மேல் மெத்தில்ஃபெனிடேட் எடுத்துவந்த 94 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு அதே மருந்து தொடர்ந்தது. மற்றவர்களுக்கு மெல்லக் குறைத்து, பார்க்க அதேபோல இருக்கும் வெற்று மாத்திரை தரப்பட்டது. யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 7 வார முடிவில், நிறுத்தியவர்களில் 40.4 சதவீதம் பேருக்கு நிலை மோசமானது. தொடர்ந்தவர்களில் 15.9 சதவீதம். 2019-ல் வெளியான இந்தக் கணக்கை நிதானமாகப் படிக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்தும் மருந்து வேலை செய்கிறது. அதே சமயம், நிறுத்தியவர்களில் பாதிப் பேருக்கு மேல் அந்த ஏழு வாரத்தில் மோசமாகவில்லை. அந்த 15.9-ஐயும் கவனிக்காமல் விட முடியாது. மாத்திரை உள்ளே இருக்கும்போதே கெட்ட வாரங்கள் வருகின்றன. நிறுத்திய மறுநாள் பிள்ளை கத்தினான் என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். மெத்தில்ஃபெனிடேட்டின் சாதாரண மாத்திரை நாலு மணி நேரத்தில் இறங்கிவிடும். இன்னொரு ஏடிஹெச்டி மருந்தான குளோனிடினைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் கடும் ஆத்திரத்துக்கும், தன்னைத்தானே அடித்துக்கொள்வதற்கும் தரப்படும் ரிஸ்பெரிடோன் இன்னும் கவனமாகக் கையாள வேண்டியது. 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியும் 62.5 சதவீதம் பேருக்குப் பழைய நிலை திரும்பியது, தொடர்ந்தவர்களில் 12.5 சதவீதம்தான். பக்கத்து வீட்டுப் பையன் நிறுத்தி நன்றாக இருக்கிறான் என்பதை வைத்து இன்னொரு வீட்டில் அட்டையைத் தூக்கிப் போடக் கூடாது.

நம் ஊரில் வேறொரு வேதனையும் உண்டு. மெத்தில்ஃபெனிடேட் ஷெட்யூல் எக்ஸ் பட்டியலில் வருவது. மருந்துச்சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் 2 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். எல்லாக் கடையிலும் வைப்பதில்லை. அதனால் பல பிள்ளைகளுக்கு மருந்து நிற்பது யாரும் யோசித்து எடுத்த முடிவால் அல்ல. அட்டை தீர்ந்து, அலைந்து, அலுத்துப்போய் நிற்கிறது. அந்த நாட்களில் பிள்ளை எப்படி இருந்தான் என்று குறித்துவைக்கவும் யாருக்கும் தோன்றுவதில்லை.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வருடத்துக்கு ஒரு முறையாவது மருந்து இன்னும் தேவையா என்று பார்க்கச் சொல்கிறது. பொருத்தமாக இருந்தால் நிறுத்தியோ குறைத்தோ சோதிக்கவும் சொல்கிறது. மதுரைப் பையனின் டாக்டரும் அப்படித்தான் யோசித்தார். "மே லீவுல நிறுத்திப் பாக்கலாமா டாக்டர்?" என்று அம்மா கேட்டபோது, லீவுக்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. லீவில் கணக்கும் இல்லை, நாற்பது பேர் உட்கார்ந்த வகுப்பும் இல்லை; அங்கே என்ன தெரியும்? முழுப் பரீட்சை நேரமும் வேண்டாம், புது டீச்சர் வரும் ஜூனும் வேண்டாம். சாதாரணமான இரண்டு வாரம் போதும். அதற்கு முந்தைய இரண்டு வாரமும் டீச்சர் அதே படிவத்தை நிரப்பித் தர வேண்டும்.

பிறகு பையனிடமே கேட்டார். கால்களை ஆட்டிக்கொண்டே அவன் சொன்னான்: "மாத்திரை போட்டா பசிக்காது. ஃப்ரண்ட்ஸோட பேசணும்னே தோணாது. ஆனா மிஸ் திட்ட மாட்டாங்க."

திங்கட்கிழமை மூன்று இட்லியோடு நான்காவதும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மாலையில் டிபன் பாக்ஸ் வழித்துத் துடைத்த மாதிரி வந்தது. கணக்கு நோட்டில் ஐந்தில் மூன்று போட்டிருந்தான். நான்காவது கணக்கில் ஒரு கூட்டல் குறி மட்டும். அம்மா ஒரு பழைய நோட்டை எடுத்து, தேதி போட்டு, இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். கீழே செவ்வாய் என்று எழுதி, அந்த வரியைக் காலியாக விட்டார்.