கல்லும் பெயரும்

பொருளைக் கண்டபின் பெயரிடுகிறோமா, பெயரை மனத்திற் கொண்டபின் பொருளைக் காண்கிறோமா? அன்பர்களே, இவ்வினாவை ஒரு கல்லைக் கொண்டு ஆராய்வோம்.

அமெரிக்க நாட்டில், நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதி மணற்கற்களில், ஏறத்தாழ 37 கோடி ஆண்டுகட்கு முன் கடலடியில் வாழ்ந்து அற்றுப்போன ஓருயிரின் வடிவம் காணப்படுகின்றது. எண்பட்டையான குடுவை, பட்டைதோறும் வரிசையாய்ப் புடைப்புகள், மேனி முழுதும் நெடுக்கும் குறுக்குமாய்க் கோடுகள். நூலகத்தில் அதன் படத்தைக் கண்டபோது, முப்பதாண்டு தறியடியில் நின்ற என் கண்ணுக்கு அது பாவும் ஊடையுமாகவே தோன்றிற்று. யான் கண்டது என் தொழிலை, கல்லையன்று.

கற்றோர்க்கும் அவ்வாறே நேர்ந்தது. 1842-இல் கான்ராடு என்பார் அதனைக் கணவாயினத்து ஓட்டுயிரெனக் கருதி, கிரேக்கத்தில் கொம்பெனப் பொருள்படும் சொல்லை ஈற்றில் வைத்து ‘ஹிட்னோசெராஸ்’ என்றார். 1863-இல் ஜேம்ஸ் ஹால் இவ்வினத்தவற்றைக் கடற்பாசியென எண்ணி, செடியெனும் பொருளமைய வேறு பெயர் தந்தார். இரண்டும் பிழை. அது கடற்பஞ்சு, விலங்கினத்தது. அக்கோடுகளோ, கண்ணாடியை ஒத்த சிலிக்கா முட்கள் பின்னிய வலையின் தடம். முட்கள் கரைந்துபோயின, தடம் மட்டும் மணலில் நின்றது. நாம் பஞ்சென்பதும் எவ்வளவிற் பொருந்துமோ! ஆலையிற் கண்ட பஞ்சில் கண்ணாடி இருந்ததில்லை.

ஹால் தம் முதுமையில் முன்னைக் கூற்றை விடுத்து, கிளார்க்குடன் கூடி எழுதிய பெருநூலில் இவற்றைக் கடற்பஞ்சென்றே நாட்டினார். தாம் அச்சிட்டதைத் தாமே மறுத்தல் எளிதன்று. அவர்தம் கல்வியினும் இச்செயலையே யான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆயினும் கொம்பெனும் பெயர் நீங்கிற்றில்லை. முந்தியிட்ட பெயரே நிலைக்கும் என்பது உயிரினப் பெயரீட்டு விதி. உண்மை திருந்தியபின் பெயர் திருந்தாதிருத்தல் குற்றமாகுமோ? கல்லின் வகையில் குற்றமென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பெயர் மாறினால் பழைய நூல்களைத் தேடுவோர் இடர்ப்படுவர், கல்லுக்கோ இழப்பில்லை.

யான் ஆலையிற் சேர்ந்த நாளில் எழுத்தர் ஒருவர் என் பெயரைப் பிழைபடப் பதிந்தார். திருத்த வேண்டினேன். “பெயரில் என்ன இருக்கிறது, கூலி வருகிறதல்லவா?” என்றார். அம்முப்பதாண்டும் பிறனொருவன் பெயரைக் கூவக்கேட்டு, எழுந்து சென்று கூலி பெற்றேன். வெளியேறிய நாளில் தந்த சான்றிலும் அப்பெயரே. அது இன்றும் என் பெட்டியில் இருக்கின்றது.