பெயர் சுமக்கும் எலி

ஓர் உயிருக்குப் பெயர் வைப்பதற்காக அந்த உயிரையே கொல்லலாமா? கேள்வி விபரீதமாகத் தோன்றும். ஆனால் பிராணி நூலார் வெகு காலமாகச் செய்துவருகிற காரியம் இதுதான். ஒரு பாலைவனத்து எலியை முன்னால் வைத்துக்கொண்டு இதை யோசிக்கலாம். புலி, யானை என்று போனால் நம்முடைய பயமும் பக்தியும் குறுக்கே வந்துவிடும். எலி என்றால் யாருக்கும் தாட்சண்யம் இல்லை. ஆகவே நியாயம் பேசுவதற்கு வசதி.

நம் புன்செய்க் காடுகளில் வெள்ளெலி என்று சொல்கிறோமே, அதன் பங்காளிகள்தாம் இவை. இங்கிலீஷில் ஜெர்பில் என்பார்கள். சகாராவிலிருந்து அரேபியா, ஈராக் வழியாக நம் ராஜஸ்தான் வரையிலும், அப்பால் மங்கோலியாவிலும் இவற்றில் பல இனங்கள் உண்டு. நீண்ட பின்னங்கால், பெரிய கண், வால் நுனியில் ஒரு சிறு குஞ்சம். சில இனங்களுக்கு உள்ளங்காலிலும் மயிர் இருக்கும். மணலில் ஓடுவதற்கு இயற்கை தைத்துக் கொடுத்த செருப்பு. பகலெல்லாம் வளைக்குள் கிடந்து இரவில் வெளியே வரும். தண்ணீரையே கண்ணால் காணாமல், தின்கிற விதையிலிருந்து கிடைக்கும் ஈரத்தைக் கொண்டே காலம் தள்ளக்கூடியவை இவற்றில் உண்டு. மண்டையோட்டில் காதை ஒட்டிப் பெரிய எலும்புக் குமிழ்கள் இருக்கின்றன. ஆந்தையின் சிறகோசையைக்கூட அவற்றால் கேட்க முடியும் என்கிறார்கள். சிறிய இனங்கள் எடையில் நாற்பது கிராம்கூட நிறைவதில்லை. அந்த நாற்பது கிராமுக்குள்தான் இத்தனை ஏற்பாடும்!

இவற்றில் இனம் பிரிப்பது லேசான வேலை அல்ல. எல்லாம் மணல் நிறம். பல்லையும் மண்டையோட்டையும் பார்க்க வேண்டும். உயிரணுவுக்குள் குரோமோசோம்களை எண்ண வேண்டும். எகிப்திய மணலில் வாழ்கிற இரண்டு இனங்களில் ஒன்றுக்கு அந்த எண்ணிக்கை 38. மற்றொன்றில் பெண்ணுக்கு 42, ஆணுக்கு 43. ஒரே இனத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்று வித்தியாசம்! நான் ஒரு கதையில் இப்படி எழுதியிருந்தால் பத்திரிகாசிரியர் அச்சுப் பிழை என்று திருத்தியிருப்பார்.

புதிய இனம் என்று சந்தேகம் வந்துவிட்டால் ஆராய்ச்சியாளர் ஒரு எலியைப் பிடித்துக் கொல்கிறார். உடல், வால், பின்பாதம், காது ஆகிய நான்கையும் அளக்கிறார். தோலை உரித்துப் பஞ்சு அடைக்கிறார். மண்டையோட்டைச் சுத்தம் செய்து தனியே வைக்கிறார். காலில் ஒரு சீட்டுக் கட்டுகிறார்: ஊர், தேதி, ஆணா பெண்ணா. அந்த ஓர் உடல்தான் அந்த இனத்துக்கு மூல மாதிரி.

இந்த இடத்தில்தான் என் மனம் நின்றுவிடுகிறது. பெயர் யாருடையது? மணலில் ஓடுகிற எலிகளுடையது என்றுதானே நாம் நினைப்போம். விதி அப்படிச் சொல்லவில்லை. பெயர் முதலாவதாக அந்தச் செத்த எலிக்கே சொந்தம். மற்றவை அதைப் போல் இருக்கிற வரையில்தான் பெயரில் பாத்தியதை கொண்டாடலாம். நாளைக்கே அவை வேறு இனம் என்று தெரிந்தால், பெயர் அவற்றை விட்டுப் போய்விடும். இழுப்பறையில் கிடக்கிற உடலை விட்டு மட்டும் போகாது.

1917 டிசம்பரில் தளபதி அலன்பியின் படை ஜெருசலேமைப் பிடித்தது. மறு வருஷம், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆல்ட்ஃபீல்டு தாமஸ் என்ற நிபுணர் பாலஸ்தீனத்து எலி ஒன்றைப் புதிய இனமென்று விவரித்து, அதற்கு அலன்பியின் பெயரைச் சூட்டினார். 1919இல் யூப்ரடீஸ் நதிப் பிரதேசத்து எலி ஒன்றுக்கு, மெசபடோமியா யுத்தத்தில் பணியாற்றிய சீஸ்மன் என்பவரின் பெயர் கிடைத்தது. எலிகளுக்கு யுத்தம் நடந்ததே தெரியாது. சீஸ்மன் எலி இன்றும் தனி இனமாகவே இருக்கிறது. அலன்பி எலியின் கதை வேறு. பின்னாளில் வந்த பட்டியல்கள் பலவற்றில் அது தனி இனமே அல்ல; 1902இலேயே பெயர் பெற்றுவிட்ட ஆண்டர்சன் எலியில் ஒரு வகைதான். தளபதியின் சாம்ராஜ்யம் போனதுபோல் எலி ராஜ்யமும் போயிற்று!

விலங்கியல் பேராசிரியரான நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். "ஆந்தை ஒரு ராத்திரியில் எத்தனை எலி தின்கிறது? அதைப் போய் யாராவது கேட்கிறார்களா, சார்? பெயர் இல்லாத இனத்தை எந்தச் சட்டமும் காப்பாற்றாது. ஒன்று செத்தால் மிச்சம் உள்ளவை பிழைக்கும்" என்றார்.

ஆந்தைக்குப் பசி. நமக்கும் ஒரு பசிதான், தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற பசி. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று செத்தால் மற்றவை பிழைக்கும் என்ற கணக்கில், அந்த ஒன்றை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

கொல்லாமல் பெயர் வைத்தும் பார்த்திருக்கிறார்கள். சோமாலியாவில் 1988இல் ஓர் ஆஸ்பத்திரி வளாகத்தில் கீச்சான் போன்ற பறவை ஒன்று தென்பட்டது. அதைப் போல் இன்னொன்று அகப்படவில்லை. பிடித்தவர்கள் கொஞ்சம் ரத்தமும் உதிர்ந்த இறகுகளும் எடுத்துக்கொண்டு, 1990இல் அதைப் பறக்க விட்டுவிட்டார்கள். 1991இல் புதிய இனமென்று அறிவித்து, 'லிபரேட்டஸ்', விடுதலை பெற்றது, என்று பெயரும் வைத்தார்கள். உடல் இல்லாமல் என்ன பெயர் என்று பலர் கோபித்துக்கொண்டார்கள். 2008இல் டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்ததில், அது முன்பே தெரிந்த ஓர் இனத்தின் நிற வேறுபாடுதான் என்று முடிவாயிற்று.

இரக்கத்துக்குக் கிடைத்த தண்டனை என்று இதைச் சொல்வார்கள். அலன்பி எலி விஷயத்தில் உடல் கையில் இருந்தும் இனக் கணக்கு மாறத்தானே செய்தது? கொன்றும் தவறலாம், விட்டும் தவறலாம். விட்டுத் தவறியதில் ஒரு பறவை பறந்து போயிற்று.

கொல்லவே கூடாது என்று நான் சட்டம் போடவில்லை. மண்டையோட்டைப் பார்த்துத்தான் தீர வேண்டும் என்றால் ஒரு எலி சாகட்டும். இரண்டாவது எலிக்கும் பத்தாவது எலிக்கும் தனித்தனியே காரணம் கேட்கவேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் புழங்கும் ஒரு வார்த்தையும் எனக்கு உறுத்துகிறது. 'சேகரிக்கப்பட்டது' என்று எழுதுகிறார்கள், புளியம்பழம் பொறுக்கியதைப் போல. வார்த்தைகளை வைத்துப் பிழைக்கிறவன் நான். அந்த இடத்தில் 'கொன்றோம்' என்று இருக்கவேண்டும்.

நண்பரிடம் இதையும் சொன்னேன். "அப்படி எழுதினால் பத்திரிகையில் போடுவார்களா, சார்?" என்றார். சற்றுப் பொறுத்து, இப்போதெல்லாம் பல இடங்களில் காது நுனியில் கடுகளவு வெட்டி எடுத்துக்கொண்டு எலியை விட்டுவிடுகிறார்கள் என்றும், ஏற்கெனவே மாதிரி உடல் உள்ள இனங்களுக்குப் பெரும்பாலும் அது போதும் என்றும் சொன்னார். புதிய இனத்துக்குத்தான் இன்னும் மண்டையோடு கேட்கிறார்களாம்.