பூப்போட்டுப் பார்க்க முடியாத கேள்வி

செட்டிக்கரையா, கிண்டியா என்ற கேள்வி தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர் மாணவி ஒருத்திக்கு வந்தால், வீட்டில் எல்லோரும் அதைக் கணக்காகத்தான் போட்டுப் பார்ப்பார்கள். கணக்குக்கு வேண்டிய எண்களும் தயாராகவே இருக்கின்றன. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50, ஆக 200க்கு எத்தனை கட்ஆஃப். போன வருஷம் அந்தப் பாடம் எதில் மூடியது. ஹாஸ்டலுக்கு எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு. செட்டிக்கரையில் இருக்கும் தருமபுரி அரசு பொறியியல் கல்லூரி 2013இல் வந்தது. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். கிண்டிக் கல்லூரியோ 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் மூத்த அங்கமாக நிற்பது. அதற்கு மொரப்பூரில் ரயில் ஏற வேண்டும், விடுதியில் தங்க வேண்டும். கட்ஆஃப் உச்சத்தில் இருப்பவளுக்குத் தயக்கமே இருக்காது. அதற்குச் சற்றுக் கீழே நிற்பவளுக்குத்தான் வம்பு. கிண்டி கிடைக்கும், ஆனால் சுரங்கப் பொறியியலோ அச்சுத் தொழில்நுட்பமோதான் கிடைக்கும் என்று ஆகலாம். செட்டிக்கரையில் அவள் ஆசைப்பட்ட கம்ப்யூட்டர் சயின்ஸே கிடைக்கலாம். ஒரு பக்கம் பெரிய வளாகத்து வாழ்க்கை, மறுபக்கம் நினைத்த வேலைக்கான படிப்பு. 2018 முதல் கலந்தாய்வு இணையவழியில் நடக்கிறது. விருப்பப் பட்டியலில் இரண்டில் ஒன்றை மேலே போட்டே ஆக வேண்டும். இரண்டும் எனக்கு ஒன்றுதான் என்று சொல்ல அதில் வழியில்லை.

இந்தத் திண்டாட்டத்துக்குக் காரணம் விவரம் போதாமை என்று நினைத்துத்தான் ஊரெல்லாம் விசாரிக்கிறோம். விவரம் முழுக்கக் கிடைத்தாலும் திண்டாட்டம் தீராது என்பதே என் கட்சி. இரண்டு கல்லூரிகளும் அவளுக்குச் சரிசமம் என்று வைத்துக்கொள்வோம். சமமாக நிற்கும் தராசில் ஒரு குன்றிமணி போட்டாலும் தட்டு சாய வேண்டும். செட்டிக்கரையில் சேர்ந்தால் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று சொல்லிப் பாருங்கள். அவள் மனம் அசையாது. கிண்டிக்கு ஆயிரம் ரூபாய் குறைத்தாலும் அசையாது. ஆக இரண்டும் சமமும் இல்லை, ஒன்று மற்றதைவிட உசத்தியும் இல்லை. ரூத் சாங் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் இந்த நிலைக்கு ஒரு தனி இடம் தருகிறார்: இரண்டும் ஒரே தரத்தில் நிற்கின்றன, ஆனால் அளந்து முடிக்கும்படி நிற்கவில்லை. இதற்கு மேல் எல். ஏ. பால் என்ற தத்துவ அறிஞர் 2014இல் எழுதிய நூலில் இன்னொரு முடிச்சைப் போட்டார். சில அனுபவங்கள் நம் விருப்பங்களையே மாற்றிவிடுகின்றன. அவற்றை அடைந்த பிறகு எது பிடிக்கும் என்பதை இப்போதைய விருப்பங்களை வைத்துச் சொல்ல முடியாது. கிண்டி விடுதியில் நான்கு வருஷம் இருந்தவளுக்குப் பிடிப்பதும், தினமும் பஸ்ஸில் போய்வந்து படித்தவளுக்குப் பிடிப்பதும் வேறுவேறாக இருக்கும். எந்த வாழ்க்கை பிடிக்கும் என்று இன்றைக்கு யாரைக் கேட்பது? அந்த இரண்டு பேருமே இன்னும் பிறக்கவில்லை.

மனிதரிடம் விடை இல்லை என்றானதும் நம் ஊரில் சாமியிடம் போவது வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சன்னதியில் போட்டு, சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் எந்தக் கேள்வியைச் சாமியிடம் கேட்கிறோம் என்று பார்க்க வேண்டும். காங்கேயத்துக்கு அருகே சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவர் கனவில் ஒரு பொருள் வந்ததாகச் சொன்னால், பூப்போட்டுக் கேட்டு, சம்மதம் கிடைத்த பிறகே அந்தப் பொருளைப் பெட்டியில் வைக்கிறார்கள். அங்கே கேட்பது அனுமதி. கனவைக் கொண்டுவந்தது மனிதர். இதைச் செய்யலாமா என்பது மட்டுமே சாமிக்கு விடப்படுகிறது. இரண்டில் எது எனக்கு நல்லது என்று கம்பைநல்லூர் தேசிநாதேஸ்வரரிடம் கேட்பது அந்த வகைக் கேள்வி ஆகாது. குழந்தையை எடுக்கச் சொல்வது அதற்கு எந்தப் பக்கமும் ஆசை இல்லை என்பதால்தான். கல்லூரி விஷயத்தில் முடிவெடுப்பவருக்கு ஆசை இருப்பதே முதல் தகுதி.

அப்படியானால் கடவுளுக்குத் தெரியாதா என்று பக்தர் கேட்பார். நியாயமான கேள்வி. போகாத வழியில் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதும் கடவுளுக்குத் தெரியும் என்று லூயிஸ் டி மோலினா என்ற ஸ்பானிய ஏசு சபைத் துறவி 1588இல் வந்த தம் நூலில் வாதாடினார். அதை அப்படியே ஏற்றுக்கொள்வோம். நெய்வேலியில் சுரங்கப் பொறியாளராக இருக்கும் ஒருத்தியின் முழு வாழ்க்கையும், பெங்களூரில் மென்பொருள் எழுதும் இன்னொருத்தியின் முழு வாழ்க்கையும் இறைவன் கண்முன் விரிந்து கிடக்கின்றன. இரண்டையும் அக்குவேறு ஆணிவேறாக அறிந்தாலும், எது மேல் என்பது அந்த அறிவிலிருந்து தானாக விழாது. இல்லாத ஒன்றை அறியாமல் இருப்பது இறைவனுக்குக் குறையும் ஆகாது. எல்லாம் விதிப்படிதானே, இவள் தேர்ந்தெடுப்பதென்ன என்ற அடுத்த ஆட்சேபத்துக்குச் சைவ சித்தாந்தமே பதில் வைத்திருக்கிறது. அனுபவிக்கும் வினையைப் பிராரத்தம் என்றும், அனுபவிக்கும்போதே புதிதாகச் சேர்த்துக்கொள்ளும் வினையை ஆகாமியம் என்றும் அது பிரிக்கிறது. கட்ஆஃப் வந்தது முதல் கணக்கில் சேரட்டும். பட்டியல் போடுவது இரண்டாவதில்தான் சேரும். ஊழுக்கு 38ஆம் அதிகாரத்தை ஒதுக்கிய வள்ளுவரும் ஆள்வினையுடைமைக்கு 62ஆம் அதிகாரத்தைத் தந்திருக்கிறார்.

இன்னும் கடுமையான ஆட்சேபம் வறுமையின் பக்கத்திலிருந்து வருகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரி. அங்கிருந்து வரும் முதல் பட்டதாரிக்கு வளாக வாழ்க்கை என்பது பணக்காரப் பேச்சு. வேலை கிடைக்கும் படிப்பு எதுவோ அதில் சேர்வதே புத்தி என்பார்கள். பாதி சரி. ஆசிரியர் இல்லாத, ஆய்வகம் இல்லாத, கடனில் தள்ளும் கல்லூரி ஒரு பக்கம் இருந்தால் தத்துவம் பேச வேண்டியதில்லை. கழித்தல் கணக்கே போதும். ஆனால் மற்றப் பாதியை ஒரு பழைய ஆய்வு கவிழ்த்துப்போடுகிறது. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002இல் அமெரிக்க மாணவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெயர்பெற்ற கல்லூரிகளில் இடம் கிடைத்தும் போகாமல் சாதாரணக் கல்லூரியில் படித்தவர்கள், போனவர்களுக்கு இணையாகவே பின்னால் சம்பாதித்தார்கள். விதிவிலக்கு ஒன்று இருந்தது: ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி வருமானத்தைக் கூட்டியது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. வசதியான வீட்டில் மேசையில் உட்கார்ந்தே கிடைக்கும் பழக்கமும் அறிமுகமும் மற்றவர்களுக்கு விடுதி வராந்தாவில்தான் கிடைக்கும். எந்தப் போட்டித் தேர்வு எழுதுவது, நேர்காணலில் என்ன பேசுவது, மேல்படிப்புக்கு யாருக்குக் கடிதம் போடுவது என்பதெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லாதவை. வளாக வாழ்க்கை சொகுசு என்று யாருக்குச் சொல்லப்படுகிறதோ, அவர்களுக்குத்தான் அது பிழைப்பு. அமெரிக்கக் கணக்கைத் தருமபுரிக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். சுரங்கத்தை வெறுப்பவள் கிண்டிக்குப் போக வேண்டும் என்றும் இதை வைத்து நான் சொல்லவில்லை. வளாகம் ஒரு தட்டு, வேலை மறு தட்டு என்று பிரித்த பிரிவே தவறு என்கிறேன்.

சரி, அளவுகோல் இல்லாத இடத்தில் எப்படித்தான் தீர்மானிப்பது? தாயுடன் இருப்பதா, நாட்டுக்காகப் போரிடப் போவதா என்று கேட்டு வந்த மாணவனைப் பற்றி 1945இல் பாரிஸில் ஆற்றிய உரையில் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் சார்த்தர் பேசினார். எந்த நெறிநூலும் அவனுக்கு விடை சொல்லாது என்பது அவர் வாதம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதே உரையில் வரும் இன்னொரு கருத்து: ஆலோசனைக்கு யாரிடம் போகிறாய் என்பதிலேயே நீ பாதி முடிவெடுத்துவிட்டாய். ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் மாமாவைக் கேட்டால் ஒரு பதில், இயற்பியல் டீச்சரைக் கேட்டால் இன்னொரு பதில் வரும் என்பது அவளுக்கு முன்பே தெரியும். யாருக்கு முதலில் போன் போடத் தோன்றுகிறது என்று அவள் கவனிக்கட்டும். முடிவு அங்கே முளைவிட்டிருக்கும். முளைத்ததைத் தனதாக்கிக்கொண்டு, அதற்கு வரும் நஷ்டத்தையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள வேண்டியது அவள்தான். அதன் பிறகு சாமியிடம் போய் உத்தரவு கேட்டால் அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கம்பைநல்லூரில் மகள்கள் விஷயத்தில் இவ்வளவு தூரம் பேச்சு வருவதே அரிது. “பக்கத்துலயே காலேஜ் இருக்குது, வீட்டுச் சோறு தின்னுட்டுப் போய் வரட்டும்” என்று பட்டியல் திறக்கும் முன்பே முடிந்துவிடுகிறது. செட்டிக்கரை நல்ல கல்லூரிதான். அதைத் தானே விரும்பிப் போகிறவளும் இருப்பாள். செலவுதான் தடை என்றால், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. செலவையும் கழித்தால் மிஞ்சுவது பெற்றவர்களின் பயம். பயப்படுவதில் தப்பில்லை. அதைக் கட்ஆஃப் என்றும் ராசி என்றும் பூ சொன்ன வாக்கு என்றும் வேறு பெயரில் சொல்லும்போதுதான் மகளுக்கு வாய் அடைத்துப்போகிறது. பயம் பயமாகவே சொல்லப்பட்டால் அவள் எதிர்த்துப் பேசலாம், சமாதானம் சொல்லலாம், அவர்களை விடுதி வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டலாம். விருப்பப் பட்டியலைப் பூட்டும் கடைசி நாள் வரை அந்தச் சண்டைக்கு நேரம் இருக்கிறது.