முத்து யாருக்காக?

உயிரியலின் தத்துவம் என்றாலே கண்ணையோ இதயத்தையோ எடுத்துக்கொண்டு ‘இது எதற்காக இருக்கிறது’ என்று கேட்பது வழக்கம். அதே கேள்வியை மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பியிடம் கேட்டால் பதில் அவ்வளவு லேசில் வராது. கரைக்கு வெகுதூரத்தில், 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பார்களை, அதாவது சிப்பி வாழும் பாறைத் திட்டுகளை நம்பித்தான் இந்தக் கரையின் பரதவர் ஊர்கள் தலைமுறை தலைமுறையாகச் சலாபம் என்னும் முத்துக் குளிப்பை நடத்தின. அவற்றில் ஒன்றான மணப்பாட்டின் குன்றில் 1581-இல் திருச்சிலுவைக் கோயில் எழுந்தது. கடல் தருவது கடவுள் தருவது என்று நம்பும் கரையில், முத்து மனிதனுக்கென்றே படைக்கப்பட்டது என்று நினைப்பதும் இயல்புதான். ஆனால் சிப்பியின் உடல் அப்படிச் சொல்லவில்லை. முத்துக்குக் காரணம் உண்டு, நோக்கம் கிடையாது.

மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்பது பழைய நம்பிக்கை. 1902-இல் இலங்கைப் பார்களை ஆராய வந்த விலங்கியலாளர் ஹெர்ட்மனும் அவருக்குத் துணையாக வந்த ஜேம்ஸ் ஹார்னெலும் நாடாப்புழுவின் இளம்பருவத்தைக் கைகாட்டினார்கள். சிப்பிக்குள் புகுந்த புழுவைச் சுற்றி முத்து வளர்கிறது, அந்தப் புழு திருக்கையின் குடலில் முதிர்கிறது என்று கருதினார்கள். சிப்பியைத் தின்னும் திருக்கையே முத்துக்கும் மூலம் என்றாகிவிட்டது! அந்தக் கணக்கில் திருக்கையை ஒழித்தால் சிப்பி மிஞ்சும், முத்து மிஞ்சாது. ஆனால் 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி, ஜப்பானியர் முன்பே கண்டிருந்த வழியில் உருண்டை முத்தை வளர்த்தபோது, புழுவுக்கு அதில் வேலையே இல்லை. ஒரு சிப்பியின் ஓட்டை ஒட்டிக் கிடக்கும் மேன்டில் சதையில் சிறு துண்டை வெட்டி, இன்னொரு சிப்பியின் உடலைக் கீறி, ஓட்டில் கடைந்த மணியோடு ஒட்ட வைக்கிறார்கள். துண்டின் செல்கள் பெருகிப் பையாக மணியை மூடுகின்றன. ஓட்டின் உட்புறத்துக்குப் பூசும் அதே பூச்சை மணிக்கும் பூசுகின்றன. மணியை மட்டும் வைத்தால் முத்து வராது. ஓடு கட்டும் செல்கள் இடம் மாறிப்போய்த் தம் வழக்கமான வேலையைச் செய்கின்றன, அவ்வளவுதான்.

எதிரியை மூடித் தன்னைக் காத்துக்கொள்வதுதான் முத்தின் நோக்கம் என்று மறுக்கலாம். அதில் பாதி உண்மை. பூச்சுக்குப் பயன் உண்டு, அது ஓட்டைக் கட்டுகிறது, துளைத்து வரும் பகையை அடைக்கிறது; இயற்கைத் தேர்வு பேணியதும் அதைத்தான். உருண்டை அதன் உபவிளைவு. பெரும்பாலான சிப்பிகள் முத்தே இல்லாமல் தின்று, வளர்ந்து, இனம் பெருக்கி, ஆயுளை முடிக்கின்றன. 1979-இல் உயிரியலாளர்கள் கூல்டும் லெவொன்டினும் எழுதிய பிரபலமான கட்டுரை, உயிரின் ஒவ்வொரு கூறுக்கும் ஒரு பயன் கற்பிக்கும் பழக்கத்தைக் கண்டித்தது. அவர்கள் வெனிஸ் தேவாலயத்தில் வளைவுகளுக்கு இடையே தானாக விழும் முக்கோண இடங்களை உதாரணம் காட்டினார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, முத்தே போதும்.

தொல்காப்பியத்தின் மரபியலை இங்கே நினைக்கலாம். அதில் டார்வினைக் கண்டெடுக்கும் பேச்சு வேண்டாம். ஆனால் உயிர்களை அது மனிதனுக்கு என்ன தருகின்றன என்று பார்த்துப் பிரிக்கவில்லை, அவை தாமே எதை உணர்கின்றன என்று பார்த்துப் பிரித்தது. உரைகாரர்கள் இப்பியை, அதாவது சிப்பியை, ஈரறிவு உயிர்களோடு சேர்த்தார்கள். அதற்குத் தொடுவுணர்வும் சுவையுணர்வும் உண்டு. மனிதன் ஆறறிவோடு உச்சியில் நிற்கிறானே என்றால், அது படிநிலை. கீழ்ப்படியில் இருப்பது மேற்படிக்காகவே இருக்கிறது என்று அந்த வகைப்பாடு சொல்லவில்லை.

கடைசி எதிர்ப்பு விசுவாசியுடையது, அதுவே வலுவானதும்கூட. உபவிளைவையும் கடவுள் நமக்குக் கொடையாக்கலாமே? ஆக்கலாம். ஓர் உயிருக்குள்ளேயே இருக்கும் நோக்கம் வேறு, அது இன்னொன்றுக்கு உதவுவது வேறு என்று 1790-இலேயே தத்துவவாதி காண்ட் பிரித்திருக்கிறார். நன்றி சொல்வதற்கு இரண்டாவது போதும். அதை முதலாவதாக எண்ணி, சிப்பி நமக்குக் கடன்பட்டது போல நடப்பதில்தான் பிழை. அப்படி நடந்தவர்களும் உண்டு. 1906-இல் லண்டன் கம்பெனி ஒன்று, ஹெர்ட்மனின் அறிக்கை கையிலிருக்க, இலங்கைப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பிறகு பல ஆண்டுகள் அங்கே குளிக்கச் சிப்பியே இல்லை.