நிலவறைக்கு ஒரே கதவு

நிரல் எழுதப் பழகுகிறவர்கள் என்றைக்காவது ஒருநாள் இந்தக் கேள்வியோடு வந்து நிற்பார்கள்: "என் கம்ப்யூட்டரில் 16 ஜிபி ராம் இருக்கிறது. பத்தே வரியில் ஒரு ஃபங்ஷன் எழுதினேன். ஓடவிட்டால் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்று நின்றுவிடுகிறது. எது நிரம்பிற்று?"

நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தேடும்போது ஸ்டாக் என்ற சொல்லைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஜெர்மன்காரர்கள் அதற்கு இட்ட பெயரைப் பிடித்துக்கொள்வது நல்லது. கெல்லர் என்பார்கள். நிலவறை என்று பொருள்.

ஜெர்மனியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்குப் போகும் நம்மவர்களுக்குப் பெரும்பாலும் வீட்டோடு ஒரு கெல்லரும் கிடைக்கும். கட்டடத்துக்கு அடியில் ஒரு சின்ன அறை, ஒரே கதவு. கோடை முடிந்ததும் கூடாரத்தை உள்ளே தள்ளுவோம். அதன் முன்னால் சைக்கிள், அதற்கும் முன்னால் அட்டைப்பெட்டிகள். மறுபடி கூடாரம் வேண்டுமென்றால் முதலில் பெட்டிகள் வெளியே வரவேண்டும், அடுத்து சைக்கிள். கடைசியில் போனதுதான் முதலில் வரும்.

1950களில் மியூனிக் தொழில்நுட்ப உயர்கல்விக்கூடத்தில் ஃபிரீட்ரிஷ் பௌவரும் கிளவுஸ் சாமெல்சனும் ஒரு சிக்கலோடு மல்லுக்கட்டினார்கள். மனிதர் எழுதும் கணக்கை எழுதியபடியே இயந்திரத்துக்குப் புரியவைக்க வேண்டும். 2 + 3 × 4 என்பதை இடமிருந்து படித்துக்கொண்டே போய்க் கணக்கிட்டால் 20 வரும். சரியான விடை 14. அதற்குமுன் சூரிச்சில் ஹைன்ஸ் ரூட்டிஸ்ஹவுசர் வகுத்த முறை, முழுக் கணக்கையும் திரும்பத் திரும்பப் படித்து, எதை முதலில் செய்வது என்று தேடியது. மியூனிக் இணையர் ஒரே வாசிப்பில் முடித்தார்கள். இப்போது செய்ய முடியாததைக் கெல்லரில் போட்டுவை. அதற்கான நேரம் வரும்போது எடு. 2 உள்ளே போகிறது, கூட்டல் குறி உள்ளே போகிறது, 3 போகிறது. அடுத்து வருவது பெருக்கல். அது கூட்டலைவிட வலியது. ஆகவே கூட்டல் காத்திருக்க, பெருக்கலும் உள்ளே போகிறது, பின்னாலேயே 4. வாசித்து முடிந்ததும், குறிகளில் கதவருகே இருப்பது பெருக்கல்: 12. அதற்குப் பின்னால் காத்திருந்த கூட்டல்: 14.

1957இல் இருவரும் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் சார்லஸ் ஹாம்ப்ளினும் தனியாகவே இதே எண்ணத்துக்கு வந்திருந்தார். 1988இல் இதற்காகக் கணினி முன்னோடி விருது பௌவருக்கு வந்தது. சாமெல்சன் 1980இலேயே காலமாகிவிட்டார். இந்தப் பெயர்களை நம் பாடநூல்கள் ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

ஃபங்ஷன் அழைப்பும் இதே கெல்லரில்தான் நடக்கிறது. ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடும்போது, தான் விட்ட இடம், தன் கையிலிருந்த மதிப்புகள் எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டுக் காத்திருக்கிறது. கூப்பிடப்பட்டது வேலையை முடித்துத் திரும்பினால் அதன் சாமான் வெளியேறும். முந்தையது விட்ட இடத்திலிருந்து தொடரும். சி மொழியில் உள்மாறியின் முகவரியைத் திருப்பித் தந்தால் ஏன் குப்பை வருகிறது என்று கேட்பவர்களுக்கும் விடை இதுதான்: அந்தச் சாமான் அப்போதே வெளியேறிவிட்டது. நீண்ட நாள் வாழவேண்டியவற்றுக்கு ஹீப் என்ற வேறு கிடங்கு உண்டு. அதில் வரிசைக் கட்டுப்பாடு கிடையாது.

தன்னையே கூப்பிடும் ஃபங்ஷன் திரும்புவதே இல்லையென்றால்? சாமான் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், ஒன்றும் வெளியே வராது. ராம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கெல்லருக்கென ஒதுக்கப்படுவது சிறிது: லினக்ஸில் வழக்கமாக 8 எம்பி, விண்டோஸில் 1 எம்பி. ஒரு அழைப்புக்கு 100 பைட் என்று வைத்துக்கொண்டால், 8 எம்பியில் சுமார் 84,000 அழைப்புகள் அடங்கும். இன்றைய கணினிக்கு அது கண்ணிமைக்கும் நேர வேலை. பைத்தான் அவ்வளவு தூரம் போகவிடுவதில்லை. வழக்கமாக 1,000 அழைப்புகள் ஆழத்திலேயே தடுத்துவிடும்.

கெல்லரைப் பெரிதாக்கினால் என்ன என்று உடனே கேட்பார்கள். மர வடிவில் மிக ஆழமாகக் கிளைக்கும் தரவை அலசும்போது அதற்குத் தேவை இருக்கலாம். அப்போதும் ஹீப்பில் சொந்தமாக ஒரு அடுக்கு வைத்து, லூப் போட்டு எழுதுவதே பாதுகாப்பு. மற்றபடி அளவைக் கூட்டுவது பிழையைச் சற்றுத் தள்ளிப்போடும், அவ்வளவே. பெரும்பாலும் கோளாறு நிரலில்தான் இருக்கும்: எப்போது நிறுத்துவது என்ற நிபந்தனை விட்டுப்போயிருக்கும், அல்லது அதை எட்டாதபடி மதிப்பு மாறிக்கொண்டிருக்கும்.

அடுத்தமுறை இந்தப் பிழை வந்தால் திரையை மூடிவிடாதீர்கள். அதனுடன் வரும் அழைப்புப் பட்டியலைப் படியுங்கள். ஜாவாவில் கடைசி அழைப்பு மேலே இருக்கும், பைத்தானில் கீழே. ஒரே பெயரும் ஒரே வரி எண்ணும் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். திருத்த வேண்டிய ஃபங்ஷன் அதுதான்.