கல்லில் ஏறாத பெயர்கள்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கே செல்வோர் காணும் யுத்த மயானத்தில், இரண்டாம் உலக யுத்தத்தில் மாண்டோர், பதவி, இனம், மதம் என்ற பேதமின்றி, ஒரே அளவான கற்களின் கீழ் உறங்குகின்றனர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் காலையில் ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கின. முன்னிரவே எச்சரிக்கப்பட்டுத் துறையை விட்டகன்ற ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல், மீண்டு வரும் வழியில் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட, 307 பேர் மாண்டனர். பிரேதங்கூடக் கரை சேராத மாலுமிகளுக்கும், இங்கிலாந்தின் கடற்படைத் துறைமுகங்களில் அவரவர் பெயர் தாங்கிய நினைவுச்சின்னங்கள் உண்டு.

இம்மயானத்தைக் கண்டு மனம் கனத்த ஒருவர், 1957இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் யுத்தப் படத்தைப் பார்க்கிறார் என்று கொள்வோம். இந்த இலங்கை மண்ணிலேயே, கித்துல்கலையில், களனி கங்கையின் குறுக்கே கட்டப்பட்ட மரப்பாலம், அதன்மேல் வந்த ரயிலோடு தகர்ந்து விழும் காட்சியில் அவர் நெஞ்சு பதறும். ஜப்பானியரிடம் கைதியாயிருந்தும் பகைவனுக்குப் பாலம் கட்டுவதிலேயே பெருமை கண்ட ஆங்கிலேயக் கர்னலின் விபரீதம் நெடுநாள் அவர் ஞாபகத்தில் நிற்கும். ஆனால் சரித்திரம் வேறு. உண்மையில் சயாமில் அப்பாலத்தைக் கட்டிய கைதிகளின் தலைவராயிருந்த பிலிப் டூசி, பகைவருக்கு மனமொப்பி உழைத்தவர் அல்லர். உயிர் தப்பிய கைதிகள் பலரைப் படத்தின் கர்னல் பாத்திரம் புண்படுத்தியது.

அதனினும் கனத்த விஷயம் ஒன்றுண்டு. அப்பாலம் எந்தப் பாதைக்காகக் கட்டப்பட்டதோ, சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையில், 12,000க்கு மேற்பட்ட யுத்தக் கைதிகள் மாண்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பலாத்காரமாகவும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களோ, வாந்திபேதியாலும் பட்டினியாலும் பல்லாயிரக்கணக்கில் மடிந்தனர். அவர்களுடைய கதைக்குப் படத்தில் இடமில்லை.

கலைஞன் சரித்திராசிரியன் அல்லன், கதைக்கு வேண்டியதை எடுத்து வேண்டாததை விடுவது அவனுடைய சுதந்திரம் என்று வாதிப்பது நியாயமே. அச்சுதந்திரம் இல்லையேல் கலையே இல்லை. ஆயினும் அந்தச் சுதந்திரம் பார்ப்பவனுக்குரியதன்று. அழுதுவிட்டு அரங்கை விட்டு வெளியேறுகிறவன், தன் கண்ணீர் யாரைச் சேர்ந்தது, யாரைச் சேராமற்போயிற்று என்று விசாரியாதிருந்தால், கதை விட்டுச் சென்றவர்களை அவனும் ஒருமுறை விட்டுச் செல்கிறான்.

இதில் படத்தை மட்டும் குறை கூறுவது எளிது. கல்லுக்கும் எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்வதே கடினம். அந்த ரயில் பாதை சென்ற சயாமின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கைதிகளுக்குக் கல்லறைகள் இருக்கின்றன. நிலாவெளி வீதியில் நாம் வணங்கும் அதே சமத்துவம் அங்கும் உண்டு. ஆயின் அச்சமத்துவம் படையில் பதிவானவர்க்கே உரியது. கூலிகளாகச் சென்றோரின் பெயர்களை முறையாக எழுதி வைத்தவர் இலர். அவர்களுக்கென்று காஞ்சனபுரியில் தமிழர்கள் ஒரு நடுகல் எழுப்பியது 2023இல்தான். அதற்குள் எண்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. இறந்த நாள் இன்னதென்று தெரியாமல், திதி கொடுக்கவும் வழியின்றி, வீட்டில் காத்திருந்த மனைவியரும் மக்களுள் பெரும்பாலோரும் அதற்கு முன்பே மறைந்துவிட்டனர்.